பேரணியா, பையா, வைப்புத்தொகையா?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 நெருங்கும்போது, கோவைப் புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூட்டத்தில் தவறாமல் ஒரு கேள்வி எழும்: பிளாஸ்டிக் குறித்த விழிப்புணர்வுக்கு இந்த ஆண்டு என்ன செய்வது? இதுவரை பெரும்பாலும் பேரணிதான் நடந்து வந்திருக்கிறது. இம்முறை ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டிருப்பதாலும், உறுப்பினர்களிடமிருந்து ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு யோசனைகள் வந்திருப்பதாலும், அவற்றை ஒப்பிட்டுக் குறிப்பு ஒன்று எழுதித் தரும்படி செயற்குழு என்னிடம் கேட்டது. பேரணியும் உறுதிமொழியும் முதல் யோசனை. குளக்கரையைத் துப்புரவு செய்து, கிடைக்கும் குப்பையை வகைவாரியாக எண்ணிப் பதிவு செய்வது இரண்டாவது. வீட்டுக்கொரு மஞ்சப்பை வழங்குவது மூன்றாவது. ஏதேனும் ஒரு பொருளுக்கு வைப்புத்தொகை வாங்கி, பொருள் திரும்பி வந்ததும் பணத்தைத் திருப்பித் தரும் முறையைத் தொடங்குவது நான்காவது. பள்ளிகளும் கோயில் விழாக் குழுக்களும் வணிகர் சங்கங்களும் இதே தேர்வின் முன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், செயற்குழுவுக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே வைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் எதைக் கொண்டு அளப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் கெடுதல் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத செய்தி அன்று. இரண்டாம் வகுப்புக் குழந்தையும் ‘பிளாஸ்டிக் மக்காது’ என்று ஒப்பிக்கும். பிளாஸ்டிக் மாசை முறியடிப்போம் என்பதே 2018இலும் 2023இலும் 2025இலும் உலகச் சுற்றுச்சூழல் நாளின் கருப்பொருளாக இருந்தது. அவற்றுள் 2018ஆம் ஆண்டு நிகழ்வை முன்னின்று நடத்தியது இந்தியாவே. எட்டு ஆண்டுகளில் மூன்று முறை ஒரே செய்தியை உலகம் முழுவதும் சொல்லியும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்றால், குறை செய்தியைக் கேட்பவரிடம் மட்டும் இருக்க முடியாது. ஆகவே, ‘எத்தனை பேருக்குத் தெரிந்தது’ என்பதை விட்டுவிட்டு, ‘மூன்று மாதம் கழித்து எத்தனை கைகள் பழக்கத்தை மாற்றிக்கொண்டன’ என்பதையே அளவுகோலாகக் கொண்டேன். அதோடு, செலவும் சிரமமும் யார் தலையில் விழுகின்றன என்பதையும் பார்த்தேன். பெட்டிக்கடைக்காரரும் தூய்மைப் பணியாளரும் மட்டுமே சுமக்கும் விழிப்புணர்வு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பேரணி. இதன் நன்மையை நான் மறுக்கவில்லை. குறைந்த செலவில் நிறையப் பேரை ஓரிடத்தில் சேர்க்கலாம். குழந்தைகள் மகிழ்ச்சியோடு வருவார்கள். உள்ளாட்சி அலுவலர்களும் வந்து நிற்பார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேரணிக்காக அடித்த ஃப்ளெக்ஸ் பதாகையை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டடிக்குப் பத்தடி அளவில், பூமிப் பந்தை இரு கைகள் தாங்கும் படத்துடன் அச்சான அந்தப் பதாகை, இப்போது காலிமனை ஒன்றில் செங்கல் அடுக்கின் மேல் போர்த்தப்பட்டிருக்கிறது. வெயிலில் வெளுத்து, விளிம்பில் பூச்சு உரிந்து, உள்ளிருக்கும் பாலியெஸ்டர் இழைகள் தெரிகின்றன. ஃப்ளெக்ஸ் என்பது பாலிவினைல் குளோரைடு பூசிய துணி. மறுசுழற்சிக்கு மிகவும் கடினமான பொருள்களில் அதுவும் ஒன்று என்பதை அன்று எங்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு உறுதிமொழி எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அதன்பின் எது மாறியது என்ற கணக்கு இல்லை.

பேரணியைவிடப் பெரிய சிக்கல் அதில் எழுப்பப்படும் முழக்கத்தில் இருக்கிறது. ‘குப்பை போடாதே’ என்று மட்டும் சொல்லும் விழிப்புணர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு, குளிர்பானம் மற்றும் டப்பா, பாட்டில் தயாரிப்பு நிறுவனங்கள் சேர்ந்து ‘அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தன. அந்த அமைப்பு 1971இல் வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில், சாலையோரக் குப்பையைக் கண்டு பூர்வகுடி மனிதர் ஒருவர் கண்ணீர் விடுவார். மாசை உண்டாக்குவது மக்கள், அதை நிறுத்த வேண்டியவர்களும் மக்கள் என்பதே அது சொன்ன செய்தி. அந்தக் கண்ணீர் கோடிக்கணக்கானோரைத் தொட்டது என்பது உண்மை. ஆனால் திரும்பப் பெற்றுக் கழுவி நிரப்பப்பட்ட கண்ணாடிப் பாட்டிலைக் கைவிட்டு, ஒருமுறை குடித்து வீசும் கலனுக்கு மாறியவர்கள் யார் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. அதே 1971ஆம் ஆண்டில்தான் ஒரிகன் மாநிலம் அமெரிக்காவிலேயே முதன்முறையாக, பானக் கலன்களுக்கு 5 சென்ட் வைப்புத்தொகை வாங்கும் சட்டத்தை இயற்றியது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நாங்கள் எதிர்கொண்ட தேர்வு அரை நூற்றாண்டுக்கு முன்பே உலகத்தின் முன் வந்துவிட்டது என்பது புரியும்.

ஒரிகனின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த 5 சென்ட் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயர்த்தப்படாமல் இருந்ததில், விலைவாசி ஏற ஏற அதன் மதிப்புத் தேய்ந்து, 2016இல் திரும்பி வந்த கலன்கள் நூற்றுக்கு 64 என்ற அளவுக்கு இறங்கின. 2017 ஏப்ரலில் தொகை 10 சென்டாக உயர்த்தப்பட்டது. ஓரிரு ஆண்டுகளிலேயே திரும்பும் விகிதம் 80 விழுக்காட்டைத் தாண்டியது. இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்தில் ஒரிகன் மக்களின் சுற்றுச்சூழல் அறிவு திடீரென்று கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது யோசனையான துப்புரவுப் பணி, பேரணியைவிட ஒரு படி மேலானது என்பதே என் கருத்து. ஆனால் எண்ணிப் பதிவு செய்தால் மட்டுமே. மும்பையின் வெர்சோவா கடற்கரையில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015இல் தொடங்கிய துப்புரவு இயக்கம் உலகப் புகழ் பெற்றது. ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் விருது மறு ஆண்டே அவரைத் தேடி வந்தது. 2018இல் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குள் இறங்கியதை நாடே பார்த்து மகிழ்ந்தது. இருந்தும் ஒவ்வொரு பருவமழையின்போதும் அலைகள் புதிய குப்பையைக் கொண்டுவந்து கரையில் கொட்டுகின்றன. வாரியெடுக்கும் கைகள் எவ்வளவு இருந்தாலும், வரத்து நிற்காத வரை வேலை முடியாது. எனவே துப்புரவின் பெரிய பயன் கரை சுத்தமாவதைவிட, என்ன வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை நடைபெறும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவு, 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய நாளிலிருந்தே பொறுக்குவதோடு நில்லாமல், பொறுக்கியதைப் பட்டியலிடுவதையும் வழக்கமாகக் கொண்டிருப்பது அதனால்தான்.

சென்ற தை மாதத்தில் நாங்கள் பத்துப் பேர் எங்கள் பகுதிக் குளத்தின் கரையில் ஒரு காலை நேரம் இதைச் செய்து பார்த்தோம். கோணிச் சாக்குகளைப் பிரித்து வைத்து வகைவாரியாகப் போடத் தொடங்கியபோது, கேரி பேக் சாக்குதான் முதலில் நிறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். உண்மையில் எண்ணிக்கையில் முந்தியது சின்னஞ்சிறு உறைகள்: ஷாம்பு, பாக்கு, ஊறுகாய், காபித்தூள், நொறுக்குத்தீனி. விரல் நீளம்கூட இல்லாத அவற்றைச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதற்குள் முதுகு ஒடிந்துவிட்டது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட அந்த உறைகளைக் காயலான் கடையில் யாரும் வாங்குவதில்லை; விலை இல்லாததை யாரும் பொறுக்குவதும் இல்லை. சிறு உறையில் ஷாம்பு விற்கும் வழியைக் கண்டவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பதும், பாட்டில் வாங்க முடியாத கூலித் தொழிலாளியும் தலைக்கு நல்ல ஷாம்பு போட வேண்டும் என்ற எண்ணமே அதன் பின்னால் இருந்தது என்பதும் நம் மண்ணோடு ஒட்டிய செய்தி. அதனால் இந்த உறைகளை வாங்குபவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்தும் எந்தப் பிரச்சாரத்திலும் நான் சேர மாட்டேன். உறையைச் சந்தைக்கு அனுப்புபவர் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே 2022 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டு நெறிகளின் சாரம். அந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெற, எந்த வகை உறை எந்தக் கரையில் எத்தனை கிடந்தது என்ற எண்ணிக்கை கையில் வேண்டும். எங்கள் பதிவேட்டில் அந்த ஒரு காலைப்பொழுதின் எண்ணிக்கைக்கு, முந்தைய ஆண்டுகளின் உறுதிமொழிப் பட்டியல்கள் எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

யார் பொறுப்பு என்று இந்த எண்ணிக்கை எழுப்பும் கேள்வி உள்ளூருக்கு மட்டும் உரியதும் அன்று. உலக நாடுகள் 2022 மார்ச்சில் நைரோபியில் கூடி, பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்டச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க முடிவெடுத்தன. 2024 இறுதியில் தென்கொரியாவின் பூசான் நகரிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுகள் உடன்பாடு இல்லாமல் முடிந்தன. உற்பத்திக்கே வரம்பு விதிக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், கழிவை ஒழுங்காகக் கையாண்டால் போதும் என்று எண்ணெய் வளம் மிக்க நாடுகள் உள்ளிட்ட மறுதரப்பும் நின்றன. இந்தியாவும் உற்பத்தி வரம்பை ஏற்கவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படி 2019இல் உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவு சுமார் 35 கோடி டன். அதில் மறுசுழற்சியானது 9 விழுக்காடு மட்டுமே. இந்த 9 என்ற எண்ணை அறிந்த ஒருவர், ‘தரம் பிரித்துக் கொடுத்தால் போதும், எல்லாம் மறுசுழற்சியாகிவிடும்’ என்று மனநிறைவு கொள்ள மாட்டார். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய, கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசிச் சாலை போடும் முறை நமக்கெல்லாம் பெருமை; ஆனால் அதைக் காட்டி, ‘எவ்வளவு வந்தாலும் சாலைக்குப் போய்விடும்’ என்று சொல்வோரையும் கூட்டங்களில் பார்க்கிறேன். சாலை விழுங்குவதைவிட வேகமாக ஆலைகள் உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன.

மூன்றாவது யோசனைக்கு வருகிறேன். மஞ்சப்பை என்றதும் எங்கள் கூட்டத்தில் மூத்தவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சி எனக்கும் உண்டு. தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. தடை மட்டும் போதாது, மாற்றும் கையில் இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது; மறு ஆண்டு கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்ய உதவிய பையை மறுபடி பெருமைக்குரியதாக ஆக்கியது சிறிய செயல் இல்லை.

ஆனால் இலவசமாக வீட்டுக்கொன்று கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரணப் பருத்திப் பை ஒன்று பருவநிலைப் பாதிப்பு என்ற ஒற்றை அளவில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால் ஏறத்தாழ 52 முறை பயன்பட வேண்டும் என்றும், எல்லா வகைச் சுற்றுச்சூழல் பாதிப்புகளையும் கணக்கில் எடுத்தால் 7,100 முறை பயன்பட வேண்டும் என்றும் சொன்னது. பருத்திக்குத் தேவைப்படும் நீரும் உரமும் மின்சாரமும் அவ்வளவு. இந்த இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டு, துணிப்பையே வீண் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள்; அது சரியன்று. வீசிய பை சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றுக்குள் போவதும் அந்த ஆய்வின் கணக்கில் வரவில்லை. டென்மார்க்கில் தெருவில் திரியும் மாடுகள் இல்லை. எனினும், வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துச் சென்றாலே முதல் எண்ணை எட்ட ஓராண்டு ஆகும் என்பதை மறக்கக்கூடாது. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கல்யாணத் தாம்பூலப் பைகளும் துணிக்கடைக் கட்டைப்பைகளுமாகக் குறைந்தது பத்துப் பைகளாவது கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. பை இல்லாதது எங்கள் சிக்கல் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்ப மறப்பதே சிக்கல். இன்னொரு பை கொடுப்பதால் மறதி தீராது.

இதிலேயே இன்னொரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. ‘துணிப்பை’ என்று நம்பி நாம் வாங்கும் பலவும் துணி இல்லை. எங்கள் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கொண்டுவந்த மஞ்சள் நிறப் பை ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து, தீக்குச்சி கொளுத்திக் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாடையோடு கருகிச் சாம்பலாகும். அதுவோ சுருங்கி, உருகி, துளியாகச் சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றது. நான்-ஓவன் என்று சொல்லப்படும் அந்த வகைப் பை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் இழைகளை நெய்யாமல் ஒட்டிச் செய்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. தேநீர்க் காகிதக் கோப்பையின் உள்பக்கப் பூச்சும் பிளாஸ்டிக்தான் என்பதை அன்று சொன்னபோதும் பலர் வியந்தார்கள். பொதுவான அறிவுரை செல்லாக் காசாகிவிட்ட இக்காலத்திலும், இப்படிக் கண்முன் காட்டும் அறிவுக்கு மதிப்பு குறையவில்லை என்பதை அந்தத் துளி எனக்கு உணர்த்தியது.

பையைப் பொறுத்தவரை உலகில் நல்ல பலன் தந்த வழி அயர்லாந்தின் வழி. 2002 மார்ச்சில் அங்கே கடையில் தரும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி விதிக்கப்பட்டது. தலைக்கு ஆண்டுக்கு 328 ஆக இருந்த பைப் பயன்பாடு 21 ஆகக் குறைந்தது. யாரும் பை கொடுக்கவில்லை. பணப்பெட்டியருகே ‘பை வேண்டுமா?’ என்ற கேள்வி எழுந்தது, அவ்வளவே. கேட்காமலே கைக்கு வந்ததைக் கேட்டு வாங்க வேண்டியதாக மாற்றியதில்தான் அதன் வெற்றி இருக்கிறது. ஆனால் வரி விதிக்கும் அதிகாரம் எங்கள் சங்கத்துக்கு இல்லை. தடை விதிக்கும் அதிகாரமும் இல்லை. ஆகையால் தடையைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. வெள்ளத்தில் வடிகால்களைப் பைகள் அடைத்ததைக் கண்டு 2002இலேயே உலகில் முதலாவதாகத் தடை விதித்த வங்கதேசம், நடைமுறை தளர்ந்துபோய் 2024இல் மறுபடி அதைக் கையிலெடுக்க நேர்ந்தது. 2017இல் நான்கு ஆண்டு வரை சிறை என்ற கடும் தண்டனையோடு கென்யா தடை விதித்த பிறகும், அண்டை நாடுகளிலிருந்து பைகள் கடத்தி வரப்பட்டன. தடை தேவைதான், கண்காணிப்பு ஓய்ந்த மறுநாளே அதுவும் ஓய்ந்துவிடும்.

நான்காவது யோசனையான வைப்புத்தொகை முறையை விளக்க, நான் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் வெள்ளியங்கிரி மலையே போதும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் ஏழு மலை ஏறும் பக்தர்களைப் பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் நிறுத்திப் பையைச் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டிலைப் பறிப்பதில்லை. மலையில் தண்ணீர் இல்லாமல் ஏற முடியாது. பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். இறங்கி வரும்போது ஸ்டிக்கரோடு பாட்டிலைக் காட்டினால் இருபது ரூபாய் கையில் வரும். நள்ளிரவில் ஏறி, விடியலில் சுவாமியைத் தரிசித்து, கால் நடுங்கக் கைத்தடியை ஊன்றி இறங்கும் மனிதர், காலிப் பாட்டிலை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். இருபது ரூபாய் அவருக்குப் பெரிய பணமாக இருந்திருக்காது. ஆனால் அந்தப் பாட்டில் இன்னும் தன்னுடையது, அதற்குத் தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு ஏழு மலையிலும் அவரோடு நடந்திருக்கிறது. விழிப்புணர்வு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் இதுவரை கண்டதில்லை.

நீலகிரியிலும் இதே முறைதான் பலித்தது. காட்டில் வீசி உடைக்கப்பட்ட மதுப் பாட்டில்களின் கண்ணாடிச் சில்லுகள் யானைகளின் பாதத்தைக் கிழிப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2022 மே மாதம் முதல் அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். விற்ற பாட்டில்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பி வந்தன. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் இது விரிந்தது. அது கண்ணாடியே தவிர பிளாஸ்டிக் அன்று. ஆயினும் மனம் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். கேதார்நாத் யாத்திரைப் பாதையில் 2022இல் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கே க்யூஆர் குறியீடு ஒட்டிப் பத்து ரூபாய் வைப்புத்தொகை முறை நடத்தப்பட்டது. ஜெர்மனியில் 2003 முதல் 25 சென்ட் வைப்புத்தொகை நடைமுறையில் இருக்கிறது. அங்கே அத்தகைய பாட்டில்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பி வருகின்றன. வீசப்பட்ட பாட்டிலையும் யாரேனும் ஏழை ஒருவர் எடுத்துச் சென்று காசாக்கிக்கொள்கிறார்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்துப் பரிந்துரை செய்வது தவறு. திரும்பி வரும் பாட்டிலை வைக்க இடம் வேண்டும், எண்ண ஆள் வேண்டும். டாஸ்மாக் ஊழியர்களே கூடுதல் வேலைச்சுமை என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரே வடிவில், ஒரு வாசல் வழியாகப் போய் வரும் பொருளுக்குத்தான் இது எளிது. மலை, யாத்திரைப் பாதை, மண்டபம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றுக்கு ஒத்துவரும். திறந்த சந்தைக்கும் விரல் நீள உறைக்கும் ஒத்துவராது.

இந்தக் குறையே எங்களுக்கு வழியையும் காட்டியது. எங்கள் பகுதியில் உள்ள கல்யாண மண்டபங்கள் இரண்டு. சென்ற மாதம் உறவினர் திருமணத்தில் முதல் பந்தி எழுந்ததும் நான் இருந்த வரிசையைப் பார்த்தேன். நாற்பது இலைகள், நாற்பது கால் லிட்டர் பாட்டில்கள்; அவற்றில் பாதிக்கும் மேல் தண்ணீர் மிச்சம் இருந்தவை இருபத்தேழு. மேசைமேல் விரித்திருந்த தாளோடு இலை, சாம்பார், பாட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி, ஒரே தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டார்கள். இந்தப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் காயலான் கடையில் விலை உண்டு, எப்படியும் யாராவது பொறுக்கிவிடுவார்கள் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அது தெருவில் கிடக்கும் காலிப் பாட்டிலுக்குப் பொருந்தும். ரசத்தில் ஊறி, பாதித் தண்ணீரோடு மூடிய பாட்டிலைத் தூய்மைப் பணியாளர் ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. மாட்டுக்குப் போக வேண்டிய வாழையிலையும் அதனால் குப்பைமேட்டுக்குப் போகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. ஒதுக்கிய பணத்தில் அறுநூறு எவர்சில்வர் டம்ளர்களும் அறுபது ஜக்குகளும் வாங்கலாம். விசாரித்த விலையில் பாதிக்குச் சற்று மேல் செலவாகும். அவற்றைத் திருமண வீட்டாருக்கு வாடகையின்றிக் கொடுக்கலாம். மண்டபங்கள் ஏற்கனவே முன்பணம் வாங்கி, உடைந்த நாற்காலிக்கும் மின்சாரத்துக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தருகின்றன. அதே ரசீதில் ‘பாட்டில் வைப்புத்தொகை ரூ. 2,000’ என்று ஒரு வரி சேர்க்கலாம். மண்டபத்தைக் காலி செய்யும்போது குப்பையில் தண்ணீர் பாட்டில் இல்லையென்றால் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும். யாருக்கும் அபராதம் இல்லை. சொந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வேலை மட்டுமே. ஆயிரம் இலை போடும் திருமணத்தில் ஆயிரம் பாட்டில் குறையும் என்பதோடு, ஆயிரம் பேர் டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். மீதிப் பணத்தில் ஆண்டுக்கு இருமுறை குளக்கரைக் கணக்கெடுப்பை நடத்தி, உறைகளின் எண்ணிக்கையை மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதி அனுப்பலாம். மஞ்சப்பை புதிதாக வாங்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் தொங்குவதில் ஒன்றை வண்டியின் பெட்டிக்குள் நிரந்தரமாகப் போட்டு வைக்கச் சொல்வோம். பேரணி வேண்டும் என்று குழந்தைகள் விரும்பினால் ஃப்ளெக்ஸ் இல்லாமல் நடக்கட்டும்.

சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் இதற்கு இரண்டு தடைகள் சொன்னார். டம்ளர் கழுவத் தண்ணீரும் ஆளும் வேண்டும் என்பது ஒன்று. ஊரார் வாய் வைத்த டம்ளரில் குடிக்க, கொரோனாவுக்குப் பிறகு பலர் தயங்குகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே நேர்மையான தடைகள். பாத்திரம் கழுவும் ஆட்களுக்கு டம்ளர் எண்ணிக்கைக்கேற்பக் கூடுதல் கூலியை எங்கள் மீதிப் பணத்திலிருந்து முதல் பத்துத் திருமணங்களுக்குத் தரலாம் என்றும், டம்ளர்களை இட்லிக் கொப்பரையில் அடுக்கி ஆவி காட்டி எடுத்துப் பந்திக்கு அனுப்பலாம் என்றும் முடிவாயிற்று. கொப்பரை யோசனை அவருடையதே.

ஆடி மாதம் மண்டபங்கள் காலியாக இருக்கும். இரண்டில் ஒரு மண்டபத்தின் மேலாளர் ஒப்புக்கொண்டு, புதிய ரசீதுப் புத்தகம் அச்சிடும்போது அந்த ஒரு வரியைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர், முதல் மண்டபத்தில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறினார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு டம்ளர்கள் தயாராக இருக்க வேண்டும். எண்ணிக்கைப் பதிவேட்டில் அந்தத் திருமணத்துக்கென்று ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.